‘டிஸ்ட்ரிக்ட் 9’ எங்கே ஜெயிக்கிறது, எங்கே சறுக்குகிறது

கேள்வி இதுதான்: “சமூக அக்கறையுள்ள அறிவியல் புனைவுப் படம் எது என்று கேட்டால் நிறையப் பேர் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ என்கிறார்கள். உண்மையிலேயே அது அவ்வளவு நல்ல படமா, இல்லை நிறவெறியைப் பற்றிப் பேசுவதால் கிடைத்த பாராட்டா? அதன் பலம், பலவீனம் என்ன?”

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டத்தை அது வாழும் இடத்திலிருந்து அப்புறப்படுத்தும் வேலை எப்படி நடக்கிறது, அதைச் செய்கிற ஆள் எப்படிப்பட்டவன் என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய வேறொரு அறிவியல் புனைவுப் படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அப்புறப்படுத்தப்படுகிறவர்களைப் பற்றி இந்தப் படத்துக்குத் தெரிந்தது குறைவு. படத்தில் எனக்குப் பிடித்தவை, பிடிக்காதவை எல்லாமே இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. முழுக் கதையையும் தொடாமல் இதை விளக்க முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் கதை. 1982-இல் ஜோஹன்னஸ்பர்க் நகரத்துக்கு மேலே ஒரு பெரிய விண்கலம் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. யாரும் இறங்கி வரவில்லை. மனிதர்கள் மேலே போய் வெட்டித் திறந்து பார்த்தால், உள்ளே பசியிலும் நோயிலும் கிடக்கிற லட்சக்கணக்கான வேற்றுகிரகவாசிகள். அவர்களைக் கீழே கொண்டுவந்து ஒரு முகாமில் வைக்கிறார்கள். அந்த முகாமைச் சுற்றி வேலி வருகிறது, பிறகு காவல் வருகிறது, கடைசியில் அது ஒரு குடிசைப் பகுதியாகிவிடுகிறது. அதுதான் டிஸ்ட்ரிக்ட் 9. இருபது வருடங்களுக்கு மேல் ஆன பிறகு, உள்ளே இருக்கும் 18 லட்சம் பேரை நகரத்துக்கு வெளியே வெகுதூரத்தில் அமைத்த புதிய முகாமுக்கு மாற்ற முடிவெடுக்கிறார்கள். இந்த வேலை எம்.என்.யூ. என்ற தனியார் நிறுவனத்துக்குப் போகிறது. ஆயுத வியாபாரமும் செய்கிற நிறுவனம் அது. பொறுப்பேற்கிறவன் விக்கஸ் வான் டெ மெர்வ என்ற நடுத்தர அதிகாரி, நிறுவனத்தின் பெரிய தலை ஒருவரின் மருமகன். வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுக்கும்போது ஒரு குழாயிலிருந்து கறுப்புத் திரவம் அவன் முகத்தில் தெறிக்கிறது. அதிலிருந்து அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வேற்றுகிரகவாசியின் உடம்பாக மாறத் தொடங்குகிறது.

படம் 2009-இல் வந்தது. இயக்குநர் நீல் ப்ளோம்காம்ப் ஜோஹன்னஸ்பர்கில் பிறந்து, 18 வயதில் கனடா போனவர். தயாரிப்பாளர் பீட்டர் ஜாக்சன். இருவரும் ஒரு பிரபலமான வீடியோ கேமைப் படமாக்கத் திட்டமிட்டிருந்தார்கள், அது நின்றுபோனது. அந்த இடைவெளியில் பிறந்ததுதான் இது. ப்ளோம்காம்ப் முன்பு எடுத்த ஒரு சின்னக் குறும்படத்தை, அவரும் அவர் மனைவி டெரி டாட்செலும் முழுநீளத் திரைக்கதையாக விரித்தார்கள். செலவு 3 கோடி டாலர், ஹாலிவுட் கணக்கில் சின்னத் தொகை. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன.

இப்போது பலத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தைப் பாராட்டுகிறவர்கள் பலரும் தவறான இடத்தைப் பாராட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

“வேற்றுகிரகவாசிகள் என்றால் கறுப்பர்கள், எம்.என்.யூ. என்றால் வெள்ளை அரசு, ஆகவே இது நிறவெறிக் காலத்தின் உருவகம்” என்று பலர் முடித்துவிடுகிறார்கள். தலைப்பும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது. கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு பகுதி இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், பல இனத்தவரும் பல மதத்தவரும் கலந்து வாழ்ந்த இடம். 1966 பிப்ரவரியில் அரசு அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. அடுத்த பதினைந்து வருடங்களில் 60,000-க்கும் மேற்பட்டவர்களை கேப் ஃப்ளாட்ஸ் என்ற மணல் வெளிக்கு விரட்டிவிட்டு, வீடுகளை புல்டோசரால் இடித்தார்கள். பெரும்பாலும் வழிபாட்டு இடங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். இதற்கெல்லாம் அடித்தளம் 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம். எந்த இனம் எந்தத் தெருவில் வாழலாம் என்பதை வரைபடத்தில் கோடு போட்டு முடிவு செய்த சட்டம்.

அந்தச் சட்டம் நம்மவர்களையும் தொட்டது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் டர்பனில் கட்டிக்கொண்ட வீடுகளையும் சின்னக் கோயில்களையும் விட்டுவிட்டு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குப் போக நேர்ந்தது. ஜோஹன்னஸ்பர்கில் ஃபீட்டாஸ் என்று அழைக்கப்பட்ட பேஜ்வியூவில் கடை வைத்திருந்த இந்தியர்களை ஊருக்குத் தெற்கே வெகுதொலைவில் இருந்த லெனேசியாவுக்கு அனுப்பினார்கள். ஆகவே படத்தின் முதல் காட்சிகளைப் பார்க்கும் தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவருக்கு அது தாத்தா பாட்டி வாயால் கேட்ட கதையாகவும் இருக்கலாம்.

சரி, இவ்வளவும் உண்மைதான். ஆனால் படம் நடப்பது 1966-இல் இல்லை. நிறவெறி ஆட்சி முடிந்து பல வருடங்கள் கழித்து நடக்கிறது. முகாமுக்கு வெளியே நின்று “இவர்களை இங்கிருந்து அனுப்புங்கள், இவர்களுக்காக எவ்வளவு செலவு செய்வது” என்று கேமராவிடம் சொல்கிறவர்களில் கறுப்பின மக்கள் நிறையப் பேர். அதுதான் படத்தின் உண்மையான துணிச்சல் என்று நினைக்கிறேன். அதன் வேர் அந்தப் பழைய குறும்படத்தில் இருக்கிறது. அதற்காக ப்ளோம்காம்ப் ஜோஹன்னஸ்பர்க் மக்களைப் பேட்டி எடுத்தபோது, ஜிம்பாப்வேயிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்து குடியேறியவர்களைப் பற்றித்தான் கேட்டார். அவர்கள் சொன்ன உண்மையான பதில்களை அப்படியே எடுத்து, வேற்றுகிரகவாசிகளைப் பற்றிச் சொன்னது போல வைத்துவிட்டார். ஒரு வார்த்தையைக்கூட மாற்றவேண்டிய அவசியம் வரவில்லை என்பதே போதுமான குற்றப்பத்திரிகை.

2008 மே மாதம் ஜோஹன்னஸ்பர்கின் அலெக்ஸாண்ட்ரா பகுதியில் வெளிநாட்டவர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்து, நாடு முழுக்கப் பரவியது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் வீடிழந்து காவல் நிலையங்களிலும் கூடாரங்களிலும் தங்கினார்கள். ஜிம்பாப்வேக்காரர்களும் மொசாம்பிக்காரர்களும் அதில் அதிகம். படப்பிடிப்பு நடந்தது அதற்கு அடுத்த வாரங்களில், அதே நகரத்தில், சொவெட்டோவின் சியாவெலோ பகுதியில். அங்கே வாழ்ந்த மக்களை அரசு வீடுகளுக்கு மாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. திரையில் நாம் பார்க்கும் குடிசைகளில் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அந்தப் புழுதியும் குப்பை மேடும் குளிர்கால வெயிலும் கலை இயக்குநர் உருவாக்கியவை இல்லை. பட்டப்பகல் வெளிச்சத்தில், ஆடுகிற கேமராவில், அந்த மண்மேல் கணினியில் உருவாக்கிய உருவங்கள் நடக்கும்போது, அவை உண்மையா என்ற சந்தேகமே நமக்கு வருவதில்லை. 3 கோடி டாலரில் இவ்வளவு நம்பகமான காட்சிகள் எப்படிக் கிடைத்தன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இடத்தைத்தான். தொழில்நுட்பம் அதற்கு அடுத்துதான்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட மேலாக நான் வைப்பது நோட்டீஸ் கொடுக்கும் காட்சிகளை. தயவுசெய்து அவற்றை இன்னொரு முறை பாருங்கள்.

விக்கஸ் கையில் துப்பாக்கி இல்லை, அட்டையில் செருகிய படிவம் இருக்கிறது. ஒவ்வொரு குடிசையாகப் போய்க் கதவைத் தட்டி, “எம்.என்.யூ.விலிருந்து வருகிறோம், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்கிறான். காலி செய்யச் சம்மதம் என்று அவர்களே எழுதிக்கொடுத்தால் எல்லாம் சட்டப்படி நடந்ததாக ஆகிவிடும். ஒரு வேற்றுகிரகவாசி கோபத்தில் அட்டையைத் தட்டிவிடுகிறது. அதன் கை பட்டதையே கையெழுத்தாக எடுத்துக்கொண்டு விக்கஸ் அடுத்த வீட்டுக்குப் போகிறான். பின்னால் ஆயுதம் தாங்கிய ஆட்கள் நிற்கிறார்கள், மேலே ஹெலிகாப்டர் சுற்றுகிறது. விக்கஸுக்கோ சந்தோஷம். பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, கேமரா தன்னைப் படம்பிடிக்கிறது, மாமனார் பார்க்கப்போகிறார்.

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பில் 26-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. எல்லாச் சூழ்நிலைகளையும் பரிசீலித்த நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. நிறவெறிக் காலத்துக் கொடுமைகள் திரும்பக் கூடாது என்று எழுதிய பிரிவு அது. அந்த அரசியலமைப்பு இருக்கும் நாட்டில்தான் இந்தப் படிவக் காட்சி நடக்கிறது. நல்ல சட்டம் எழுதியாகிவிட்டது. அப்புறம் அதைத் தாண்டிப்போக ஒரு நடைமுறை உருவாகிறது, அந்த நடைமுறையைச் சிரித்த முகத்தோடு செய்ய ஓர் ஆள் கிடைக்கிறான். அரசியல் படங்கள் பொதுவாகக் கொடூரமான ஜெனரலைக் காட்டும், சதி செய்யும் மந்திரியைக் காட்டும். இங்கே யார்மேலும் தனிப்பட்ட வெறுப்பு இல்லாத ஒரு குமாஸ்தா, முட்டைகள் இருக்கிற குடிசைக்குத் தீ வைக்கச் சொல்லிவிட்டு, அவை வெடிக்கிற சத்தம் சோளப்பொரி பொரிவது போல இருக்கிறது என்று கேமராவுக்கு விளக்குகிறான். அந்தக் காட்சியில் சிரித்துவிட்டு உடனே வெட்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். படம் வேண்டுமென்றேதான் அந்தச் சிரிப்பை நம்மிடமிருந்து பிடுங்குகிறது.

விக்கஸாக நடித்த ஷார்ல்டோ காப்ளி அதற்கு முன்பு முழுநீளப் படம் எதிலும் நாயகனாக நடித்ததில்லை. வசனங்களில் பெரும்பகுதியை அந்தந்த இடத்திலேயே கற்பனை செய்து பேசியிருக்கிறார். அந்தத் தடுமாற்றமும் வழிசலும் எழுதி வந்திருக்காது. தென்னாப்பிரிக்காவில் ‘வான் டெர் மெர்வ’ என்பது அசட்டுத்தனமான ஆப்பிரிக்கானரைப் (டச்சுக்காரர்களின் வழிவந்த வெள்ளையரைப்) பற்றிய ஜோக்குகளில் வழக்கமாக வருகிற பெயர். ஊர்க்காரர்களுக்கு முதல் நிமிடத்திலேயே இவனைத் தெரிந்திருக்கும்.

பின்பாதியில் இவனே இன்னொரு உண்மையை உளறுகிறான். புது முகாமைப் பற்றி கிறிஸ்டோஃபர் ஜான்சன் என்ற வேற்றுகிரகவாசியின் குடிசையில் பேச்சு வரும்போது, அது நல்ல இடம் இல்லை, வதை முகாம் மாதிரியானது என்று விக்கஸ் ஒப்புக்கொள்கிறான். இது ஓர் ஆப்பிரிக்கானரின் வாயிலிருந்து வருவதுதான் என்னை உலுக்கியது. 1899-1902 ஆங்கிலோ-போயர் போரில் பிரிட்டிஷ்காரர்கள் நடத்திய அப்படிப்பட்ட முகாம்களில் 26,000-க்கும் மேற்பட்ட போயர், அதாவது ஆப்பிரிக்கானர், பெண்களும் குழந்தைகளும் செத்திருக்கிறார்கள். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள் இருந்தன, அங்கேயும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். ஆப்பிரிக்கானர்களின் சமூக நினைவில் அது ஆறாத புண். தன் பாட்டிமார்கள் அடைபட்ட இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்த ஒருவன்தான் இன்னொரு கூட்டத்துக்கு அதே முகாமைக் கட்டி, அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்குகிறான். படம் இதை விளக்கிக்கொண்டு நிற்பதில்லை, ஒரே வரியில் தாண்டிப் போகிறது.

புது முகாமின் வரிசை வரிசையான கூடாரங்களும் வெறும் கற்பனை இல்லை. அதே வருடங்களில் கேப் டவுன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், டெல்ஃப்ட் என்ற இடத்தில், வீடிழந்தவர்களுக்கென்று வரிசையாகத் தகரப் பெட்டி வீடுகளை நகராட்சி அமைத்தது. மக்கள் அதை பிளிக்கீஸ்டோர்ப், அதாவது தகர ஊர் என்றார்கள். தற்காலிகம் என்று சொல்லிக் கட்டியது பல வருடங்கள் நீடித்தது.

இனி பலவீனங்கள். இதில் ஒன்று மிகப் பெரியது, மற்றவை அதைவிடச் சிறியவை. பெரியதிலிருந்தே தொடங்குகிறேன்.

படத்தில் நைஜீரியர்கள் வருகிறார்கள். முகாமுக்குள் இருக்கும் ஒரு குற்றக் கும்பலாக மட்டும் வருகிறார்கள். பூனைகளுக்கான டின் உணவை வேற்றுகிரகவாசிகளுக்குக் கொள்ளை விலைக்கு விற்பது, பாலியல் தொழில், ஆயுதக் கடத்தல் எல்லாம் அவர்கள் வேலை. போதாததற்கு, வேற்றுகிரகவாசிகளின் மாமிசத்தைத் தின்றால் அவர்களின் பலம் வரும் என்று மந்திரவாதி சொல்ல, அதையும் தின்கிறார்கள். தலைவனின் பெயர் ஒபெசான்ஜோ. நைஜீரியாவின் முன்னாள் ஜனாதிபதி ஒலுசெகுன் ஒபசான்ஜோவின் பெயர் அது. நல்ல நைஜீரியர் ஒருவர்கூட இல்லை, சாதாரணமான நைஜீரியர்கூட இல்லை. 2009 செப்டம்பரில் அந்நாட்டின் தகவல் அமைச்சர் டோரா அகுன்யிலி, படத்தைத் திரையிட வேண்டாம் என்று திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார், படத்தை வெளியிட்ட சோனி நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் கோரினார். தடை செய்வதை நான் ஆதரிக்கவில்லை, ஆனால் அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

இதை “எல்லாப் படத்திலும் வில்லன் இருப்பான், யாராவது ஒரு நாட்டுக்காரன்தானே” என்று தள்ளிவிட முடியாது. படத்தின் அடிப்படையே என்ன? குடியேறி வந்தவர்களைப் பற்றி ஊர்க்காரர்கள் சொன்ன வெறுப்பு வார்த்தைகளை எடுத்து வேற்றுகிரகவாசிகள்மேல் பொருத்தி, “பாருங்கள், இது எவ்வளவு அநியாயம்” என்று காட்டுவது. அந்த வார்த்தைகளின் அசல் இலக்காக இருந்தவர்களில் நைஜீரியர்களும் உண்டு. கற்பனை உயிரினத்தை அந்த வெறுப்பிலிருந்து காப்பாற்றிவிட்டு, நிஜ மனிதர்கள் விஷயத்தில் அதே வெறுப்பை உண்மை என்று படமே காட்டிவிடுகிறது. 2008-இல் கலவரக்காரர்கள் சொன்னதும் இதைத்தான்: போதை மருந்து, விபசாரம், மந்திரவாதம், திருட்டு. மருந்துக்காக உடல் உறுப்புகளைப் பயன்படுத்தும் அந்தக் கொடிய வழக்கத்துக்குப் படம் வைக்கிற ‘முட்டி’ (muti) என்ற பெயரும் தெற்கு ஆப்பிரிக்காவில் புழங்குவது. அதையும் தூக்கி வெளியூர்க்காரன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தவறுக்கு வந்த எதிர்வினைகளில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த எழுத்தாளர் ந்னெடி ஒகோராஃபோர், இந்தப் படத்தின்மேல் வந்த கோபத்தில் எழுதத் தொடங்கியதுதான் 2014-இல் வெளிவந்த ‘லகூன்’ நாவல். அதில் வேற்றுகிரகவாசிகள் நைஜீரியாவின் லாகோஸ் கடற்கரையில் வந்து இறங்குகிறார்கள். அந்த நகரத்தில் ராணுவ வீரன், பாதிரியார், விஞ்ஞானி, பாடகர், ஏமாற்றுக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்தவர்கள் அதையும் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது, வேற்றுகிரகவாசிகளே. நன்றாக யோசித்துப் பாருங்கள், 18 லட்சம் பேரில் நமக்கு எத்தனை பேரைத் தெரியும்? கிறிஸ்டோஃபர் ஜான்சன், அவன் குழந்தை, சீக்கிரமே கொல்லப்படுகிற அவன் நண்பன் ஒருவன். மற்றவர்கள் குப்பை கிளறுகிறார்கள், டின் உணவுக்கு அடித்துக்கொள்கிறார்கள், ரயிலைக் கவிழ்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பாட்டு உண்டா, சாவுச் சடங்கு உண்டா, பஞ்சாயத்து உண்டா, முகாமில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு ஊரைப் பற்றி என்ன கதை சொல்கிறார்கள்? ஒன்றும் தெரியாது. நிஜமான டிஸ்ட்ரிக்ட் சிக்ஸைப் பற்றி அங்கே வாழ்ந்தவர்கள் இன்றைக்கும் பேசுவது அதன் இசையையும் புத்தாண்டு ஊர்வலத்தையும் கடைத்தெருவையும்தான். 1994-இல் அவர்களே ஒரு அருங்காட்சியகம் தொடங்கி, தரையில் பழைய தெருக்களின் வரைபடத்தை விரித்து, யார் வீடு எங்கே இருந்தது என்று எழுதிவைத்தார்கள். படத்தில் இருக்கும் முகாமில் அப்படி எழுதிவைக்க எதுவும் இல்லை.

இதைவிட மோசம், தொடக்கத்தில் ஒரு நிபுணர் தருகிற விளக்கம். இவர்கள் எல்லாம் வேலைக்காரப் பிரிவினர், கட்டளையிடும் தலைவர்கள் இறந்துவிட்டதால்தான் என்ன செய்வதென்று தெரியாமல் திரிகிறார்கள் என்கிறார். இது ஆதிக்கக்காரர்கள் எல்லாக் காலத்திலும் சொன்னது: இவர்களுக்குச் சுயமாக யோசிக்கத் தெரியாது, மேய்க்க ஓர் ஆள் வேண்டும். ஆவணப்படப் பாணியில் பேட்டி கொடுக்கும் ஒரு நிபுணர் அப்படிச் சொல்வதைப் புரிந்துகொள்ளலாம். பிறகு கதை அவரைப் பொய்யாக்கியிருக்க வேண்டும். கிறிஸ்டோஃபர் மட்டும் அறிவாளி, மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்றே கதை போவதால், அவர் சொன்னது சரியென்றாகிவிடுகிறது. கடைசியில் விக்கஸைக் காப்பாற்ற அவர்கள் கும்பலாக வந்து ஒரு கூலிப்படைத் தலைவனைப் பிய்த்தெறிகிற காட்சி ஒன்றில்தான் அவர்கள் சேர்ந்து எதையாவது செய்கிறார்கள். அதுவும் வெறும் ஆவேசமாகத்தான் காட்டப்படுகிறது.

ஆக, நம் மனம் உருகுவது யாருக்காக? விக்கஸுக்காக. வெளியேற்ற வந்த வெள்ளைக்காரனின் நகம் கழன்று விழும்போது, கை மாறும்போது, மனைவியோடு தொலைபேசியில் அழும்போது உருகுகிறோம். எம்.என்.யூ.வின் நிலவறையில் வேற்றுகிரகவாசிகளை வெட்டி ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அவன் தன்னை அங்கே படுக்கவைத்த பிறகுதான் அறிகிறான், நாமும் அப்போதுதான். அடுத்தவன் வலி தன் தோலில் ஏறினால்தான் புரியும் என்பது மனித இயல்பு, அதைக் காட்டுவதில் தவறில்லை. விக்கஸ் ஒரே நாளில் நல்லவனாக மாறிவிடவில்லை என்பதற்காகப் படத்தைப் பாராட்டவும் செய்வேன். மாமனாரே உறுப்புகளை எடுக்கச் சம்மதித்த பிறகும், எல்லாம் இழந்த பிறகும், தன்னைக் குணப்படுத்த மூன்று வருடம் ஆகும் என்று கேட்டதும் கிறிஸ்டோஃபரை அடித்துப்போட்டுவிட்டுக் கலத்தைத் தானே ஓட்டப் பார்க்கிறான். அந்த அளவுக்கு நேர்மையான எழுத்து. ஆனால் அதே நிலவறையில் தன் இனத்தானின் வெட்டப்பட்ட உடலைப் பார்த்துச் சிலையாக நிற்கும் கிறிஸ்டோஃபரோடு படம் தங்கவில்லை. சில நொடிகள், பிறகு மறுபடி துப்பாக்கிச் சண்டை. படத்திலேயே மிக ஆழமான துயரம் அந்த முகத்தில் இருந்தது.

விக்கஸின் உதவியாளனாக ஃபண்டிஸ்வா என்ற கறுப்பின இளைஞன் வருகிறான். முகாமுக்குள் போகும்போது அவனுக்கு மட்டும் குண்டு துளைக்காத உடுப்பு கிடைப்பதில்லை. பிறகு நிறுவனத்தின் சட்டவிரோதச் சோதனைகளை அம்பலப்படுத்துவது அவன்தான், அதற்காக வழக்கில் மாட்டுவதும் அவன்தான். இதைக் கடைசியில் பேட்டித் துணுக்காகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நிறுவனத்துக்குள் இருந்துகொண்டு, மனசாட்சிக்காக எல்லாவற்றையும் பணயம் வைத்த ஒரே மனிதனுக்குப் படம் தந்தது அவ்வளவுதான். முழுக் கதையும் அவன் கண் வழியாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

வரலாற்றில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 1982-இல் கலம் வருகிறது, நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருக்கும் காலம். பிறகு 1994, முதல் பொதுத் தேர்தல், மண்டேலா. பிறகு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம். இந்த மாற்றத்தில் முகாமுக்குள் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது? வாக்குரிமை கேட்டார்களா, புதிய அரசு வேலியை எடுக்க யோசித்ததா, விடுதலைப் போராளிகள் அவர்களைத் தோழர்களாகப் பார்த்தார்களா? இவ்வளவு நுணுக்கமாக ஒரு போலி ஆவணப்படத்தைக் கட்டியவர்கள் இதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது, உலகச் சந்தைக்கான படம் என்பதால் உள்ளூர் அரசியலை மழித்துவிட்டார்கள். இழப்பு படத்துக்குத்தான்.

சின்னக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டிடங்களைத் தகர்க்கிற ஆயுதங்கள் கையில் இருந்தும் இருபது வருடம் அடங்கியிருந்து, அவற்றை டின் உணவுக்கு விற்பது நம்பும்படி இல்லை. எரிபொருளாகவும் இருந்து, மனிதனின் மரபணுவையும் மாற்றுகிற திரவம் கதைக்காகச் செய்த வசதி. கடைசி அரைமணி நேரம் இயந்திரக் கவசம், ராக்கெட், உடல் சிதறல் என்று வழக்கமான அதிரடிப் படமாகிவிடுகிறது. முதல் பாதியில் வன்முறை ஒரு படிவத்தின் வழியாக நடந்ததால் உறைத்தது, இங்கே அது பட்டாசாக வெடித்துப் போகிறது. ஆவணப்படக் கேமரா என்ற விதியையும் படம் சீக்கிரமே மீறுகிறது. கிறிஸ்டோஃபரும் நண்பனும் குப்பையில் திரவம் தேடுவதை யார் படம்பிடித்தார்கள்? இதைப் பெரிய குற்றமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. நிறுவனத்தின் கேமரா காட்டாத ஒன்றை நமக்குக் காட்ட அந்த மீறல் தேவைப்பட்டது. இன்னும் அதிகமாக மீறி அந்தக் குடிசைகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இதைப் பார்க்கச் சொல்வேனா என்றால், கட்டாயம் சொல்வேன். ஒப்பிட்டுப் பார்க்க அதே இயக்குநரின் அடுத்த படம் ‘எலிசியம்’ இருக்கிறது. 2013-இல் வந்தது. பணக்காரர்கள் விண்வெளி நிலையத்தில், ஏழைகள் பாழான பூமியில், மருத்துவம் மேலே மட்டும். கருத்து இன்னும் நேரடியானது, பணம் பல மடங்கு அதிகம், பெரிய நட்சத்திரங்கள். ஆனால் அதில் விக்கஸ் மாதிரி ஓர் ஆள் இல்லை, படிவம் இல்லை, நாம் அடையாளம் கண்டுகொள்கிற ஓர் ஊர் இல்லை. அந்தக் கதையைச் சரியாகச் செய்யவில்லை என்று ப்ளோம்காம்பே பிற்பாடு ஒப்புக்கொண்டார். கருத்து சரியாக இருந்தால் படம் சரியாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். தான் பிறந்த ஊரின் தெருவையும் பேச்சையும் அதிகாரியின் அசட்டுச் சிரிப்பையும் அறிந்த ஒருவர் எடுத்தது முதல் படம்.

நைஜீரியர்களை எழுதியதும் அதே ஊர்க்காரர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரின் நுணுக்கம் எப்படி அவருக்குள் ஊறியிருந்ததோ, அதே போல ஊரின் வெறுப்பும் கொஞ்சம் ஊறியிருந்தது. வெள்ளை அதிகாரியைச் சந்தேகத்தோடு பார்க்கத் தெரிந்தவருக்கு, தெருமுனையில் கேட்ட வதந்தியைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

2021-இல் ‘டிஸ்ட்ரிக்ட் 10’ என்ற பெயரில் தொடர்ச்சிக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருப்பதாக ப்ளோம்காம்ப் அறிவித்தார். கிறிஸ்டோஃபர் திரும்பி வருவதாகச் சொன்ன மூன்று வருடத்தில் கதை தொடங்குமா, எப்படித் தொடங்கும் என்றெல்லாம் ரசிகர்கள் பேசினார்கள். எனக்கு வேண்டியது வேறு. கூடார வரிசைக்குள் ஒரு வேற்றுகிரகக் குடும்பத்தோடு பத்து நிமிடமாவது உட்காரவேண்டும், அவர்கள் மொழியில் அவர்களே பேசிக்கொள்வதைக் கேட்கவேண்டும். சிறையிலிருந்து ஃபண்டிஸ்வா வெளியே வரவேண்டும். அந்த முகாம் வாசலில் டீக்கடையோ சலூனோ வைத்துப் பிழைக்கிற ஒரு சாதாரண நைஜீரியர், பெயரோடும் பிள்ளைகளோடும், கதைக்குள் இருக்கவேண்டும்.